பாரமான விலங்குக்கு அம்பு: முனையில் தொடங்கி வில் வரை

மான் அளவு விலங்குக்கு வேண்டிய வில்லும் அம்பும் ஏற்கெனவே என்னிடம் உண்டு. இழுக்க 70 பவுண்டு பலம் கேட்கும் காம்பவுண்ட் (கப்பி வைத்த) வில், 420 கிரெயின் (சுமார் 27 கிராம்) அம்பு, நொடிக்கு 280 அடி வேகம். இப்போது குறி வேறு: கேப் எருமை, நீர் எருமை, பைசன் என்று அரை டன்னைத் தாண்டும் விலங்குகள். இதற்காகச் சாமான் சேர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பவுண்டு வில் வாங்கப் போகிறாய்?" அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் முனை, பிறகு அதைத் தாங்கும் தண்டு, அப்புறம் அந்தத் தண்டை ஒழுங்காக அனுப்பும் வில் என்று பின்னோக்கி வருவதாகத் தீர்மானம். இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

அம்பு எப்படிக் கொல்கிறது என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. துப்பாக்கிக் குண்டு தான் போகும் வழியைச் சுற்றியும் சதையைச் சிதைக்கும். அம்புக்கு அந்தச் சக்தி கிடையாது. அது வெட்டும், ரத்தம் போகும், அவ்வளவுதான். இரண்டு நுரையீரலையும் வெட்டிக்கொண்டு போனால் எவ்வளவு பெரிய விலங்கும் சீக்கிரம் விழுந்துவிடும். ஒன்றோடு நின்றுவிட்டால் காயத்தோடு வெகுதூரம் போய்விடும், அதுவும் எருமை என்றால் தேடி வருகிறவனுக்காகப் புதரில் காத்து நிற்கவும் செய்யும். கேப் எருமையின் விலா எலும்புகள் அகலமானவை, ஒன்றோடொன்று படிந்தாற்போல் நெருங்கியிருப்பவை. இடைவெளியில் நழுவிப் போகும் என்று நம்பி எய்ய முடியாது. விலாவை உடைக்க வேண்டும், உடைத்த பிறகும் உள்ளே போக அம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே டாக்டர் எட் ஆஷ்பியின் பெயர் வந்துவிடும். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் தொடங்கி, பிற்பாடு ஆஸ்திரேலியாவில் எருமைகளிலும், அம்பு எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே நிற்கிறது, எது உடைகிறது என்று வருடக்கணக்கில் பதிந்து வைத்தவர். கனத்த எலும்பைப் பிளக்க 650 கிரெயின் எடை வேண்டும் என்ற கணக்கு அவர் சொன்னதுதான். கிராமில் சொன்னால் ஏறத்தாழ 42. பலர் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் போட்ட வரிசையில் முதல் இடம் எடைக்கும் இல்லை, வேகத்துக்கும் இல்லை. அம்பு உடையாமல், வளையாமல் இருப்பதுதான் முதலில். அடுத்தது, அம்பு வாலை ஆட்டாமல் நேராகப் பறப்பது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான். எனக்கும் அந்த வரிசைதான் சரியாகப் பட்டது.

முனையில் தேர்வு சீக்கிரம் முடிந்தது. பட்டதும் விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட்டை (பிராட்ஹெட் என்பது வெட்டும் இதழ் உள்ள வேட்டை முனை) இந்த வேலைக்கு நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மானில் பெரிய வெட்டுத் தரும், உண்மைதான். ஆனால் இதழ் விரியவே கொஞ்சம் ஆற்றல் செலவாகும், விரிந்த மெல்லிய இதழ் எருமை விலாவில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று இதழ், நான்கு இதழ் முனைகளும் எலும்பில் அதிகம் இழுக்கும். எனவே இரண்டே இதழ், ஒரே எஃகுத் துண்டில் கடைந்தது, அகலம் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல், நீளம் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நீண்டு ஒடுங்கிய முனை சரிவான பாதை மாதிரி வேலை செய்கிறது, குறைந்த பலத்தில் உள்ளே ஏறும். எடை 200 கிரெயின்.

இதழின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தீட்டிய சிங்கிள் பெவல். இது எலும்புக்குள் போகும்போது ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே போகும், அந்தத் திருகல்தான் எலும்பைப் பிளக்க உதவுகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: வலப்பக்க பெவல் என்றால் இறகையும் வலப்பக்கத் திருப்பத்தில் ஒட்ட வேண்டும். மாறிப்போனால் பறக்கும்போது ஒரு பக்கம் சுழல்கிற அம்பு, பட்டதும் நின்று எதிர்ப்பக்கம் சுழல வேண்டியிருக்கும்.

சோதனைக்கு ஃபோம் டார்கெட்டின் முன்னால் தடித்த ப்ளைவுட் பலகையை நிறுத்தினேன். ப்ளைவுட் விலா எலும்பு ஆகிவிடாது. எவ்வளவு ஆழம் போனது என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் ஃபோம் தண்டை இறுக்கிப் பிடித்து நிறுத்தும், ஈரமான உடல் அப்படிப் பிடிக்காது. எது முதலில் உடைகிறது என்று தெரிந்தால் போதும். பழைய மான் அம்பில் முனைக்கு ஒன்றும் ஆகவில்லை. முனையைத் திருகிப் பொருத்தும் அலுமினிய இன்சர்ட்தான் கழுத்தில் வளைந்திருந்தது. அம்பை மேசையில் உருட்டினால் முனை வட்டம் போட்டது. இன்னொன்றில் இன்சர்ட் பின்னால் அமுங்கி, கார்பன் தண்டின் வாய் காம்பு பிளந்த ஓலைபோல் நார் நாராக விரிந்து கிடந்தது. முனை எவ்வளவு உசத்தி என்றாலும் அது உட்காரும் இடம் இப்படி இருந்தால் பிரயோசனம் இல்லை.

ஆகவே இன்சர்ட் 100 கிரெயின் எஃகுக்கு மாறியது. தண்டின் வாய்க்கு மேல் ஓர் அலுமினியக் குழாய்த் துண்டை உறை மாதிரி ஏற்றினேன், பிளக்கவிடாமல் அது இறுக்கிப் பிடிக்கும். ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் இரண்டு பாக எபாக்சி. தண்டின் உட்புறத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, அப்புறம்தான் பசை. இன்சர்ட்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் பசை எல்லாப் பக்கமும் பரவும். இறுகிய பிறகு முனையைப் பொருத்தி அம்பை நிறுத்திச் சுழற்றிப் பார்ப்பேன். கூர் துளி ஆடினாலும் அந்த அம்பு வேட்டைக்கு இல்லை, பயிற்சிக்குத்தான்.

இத்தனை எடையை முன்னால் ஏற்றினால் தண்டு சும்மா இருக்குமா? நாண் பின்னாலிருந்து தள்ள, கனத்த தலை நகர மறுக்க, நடுவில் தண்டு வளையும். தண்டின் விறைப்பை ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளப்பது. 0.300 அங்குலம் தொய்ந்தால் 300 ஸ்பைன். எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். என் மான் அம்பு 300. அதே தண்டில் 300 கிரெயின் முன்எடையை ஏற்றி, இறகு ஒட்டாமல் எய்து பார்த்தேன். அம்பு டார்கெட்டில் கோணலாக நின்றது, வால் ஒரு பக்கம் சாய்ந்து. வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை எவ்வளவு நகர்த்தியும் சரியாகவில்லை. 250-இல் பாதி சரியானது. 200 ஸ்பைன் தண்டில்தான் இறகில்லாத அம்பும் இறகுள்ள அம்பும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கோணத்தில் நின்றன. தண்டுகளை ஒன்றொன்றாக வாங்கிச் சோதிப்பதுதான் நல்லது. தண்டு தேர்வு அட்டவணைகள் பெரும்பாலும் வழக்கமான 100, 125 கிரெயின் முனையை வைத்துப் போட்டவை, இந்த எடைக்கு அவற்றை அப்படியே நம்ப முடியாது.

இப்போது அம்பு முழுதாக 690 கிரெயின், நீளம் 29 அங்குலம். விரல் மேல் வைத்துச் சமன் பார்த்தால் வால் முனையில் நாண் மாட்டும் பள்ளத்திலிருந்து 20.6 அங்குலத்தில் நிற்கிறது. பாதி நீளம் 14.5, அதற்கு முன்னால் 6.1 அங்குலம், ஆக எஃப்ஓசி (சமன்புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் என்பதை நீளத்தின் சதவீதமாகச் சொல்வது) 21 சதவீதம். தலை இழுக்க வால் பின்தொடர்கிறது என்பதால் இறகும் அதிகம் தேவைப்படவில்லை.

கணக்குப் போடப் பிடிக்கிறவர்களுக்கு: புது அம்பு நொடிக்கு 224 அடி போகிறது. பழைய 420 கிரெயின் அம்பின் இயக்க ஆற்றல் 73 அடி-பவுண்டு, இதற்கு 77. பெரிய வித்தியாசம் இல்லை. உந்தம் மட்டும் 0.52-இலிருந்து 0.69-க்கு ஏறியிருக்கிறது, 30 சதவீதத்துக்கும் மேல். அதே வில், அதே இழுப்பு. கனத்த அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்கிறது, அதனால் வில்லில் தங்கி அதிர்வதும் சத்தம் போடுவதும் குறைகிறது. முதல் முறை எய்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. பழைய அம்புக்கு 'டக்' என்று கேட்ட வில் இதற்கு அடங்கிப் போயிற்று.

இதற்குக் கொடுக்கும் விலை, அம்பு வழியில் கீழே இறங்குவதில்தான். 20 யார்டுக்கு வைத்த குறிபார்க்கும் ஊசியைக் கொண்டு 30 யார்டில் எய்தால் பழைய அம்பு நான்கைந்து அங்குலம் கீழே படும், இது எட்டு அங்குலத்துக்கும் மேல். அதனால் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லி எய்யும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை, தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் நாணைத் தொடுவதில்லை. 25 யார்டைத் தாண்டி எய்யப் போவதும் இல்லை. இத்தனை பெரிய விலங்குக்கு அது போதும், அதற்குள் நெருங்க முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கடைசியாக வில். புதிதாக வாங்கும் தேவையே வரவில்லை. 80 பவுண்டு வில் ஒன்றை இரவல் வாங்கி இழுத்துப் பார்த்தேன். இழுக்க முடிகிறது, ஆனால் வில்லை வானத்துக்குத் தூக்கி, உடம்பை முறுக்கித்தான். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லைக் குறிக்கு நேராகப் பிடித்தபடி, தூக்காமல் மெதுவாக இழுக்க முடிய வேண்டும் என்பது என் அளவுகோல். குளிரில், அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்த பிறகு, பத்தடி தள்ளி ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இழுக்க வேண்டியது அப்படித்தான். 70 பவுண்டில் அது வருகிறது. முழுதாக இழுத்ததும் பாரம் 80 சதவீதம் குறையும் (லெட்-ஆஃப்) என்பதால் முழு இழுப்பில் கையில் நிற்பது 14 பவுண்டுதான், விலங்கு திரும்பும்வரை பொறுத்திருக்கலாம். கப்பி இல்லாத ரிகர்வ் வில் மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் அந்தப் பொறுமையை அது தராது.

சட்டம் கேட்பது இதைவிடக் குறைவு. அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மான், பைசன், பழுப்புக் கரடிக்கு வில் 50 பவுண்டு, அம்பு 20 அங்குல நீளம், 300 கிரெயின் எடை இருந்தால் போதும். அது குறைந்தபட்சக் கோடு. ஒவ்வொரு நாட்டிலும் கோடு வேறு, சில இடங்களில் ஆபத்தான விலங்குகளுக்கு வில்லே கூடாது. போகுமுன் அந்த இடத்து விதியைப் படித்துவிட வேண்டும். எருமை என்றால் பக்கத்தில் பெரிய துப்பாக்கியோடு வழிகாட்டி நிற்பதும் உண்டு, அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கூர் தீட்டுவதில்தான் அதிக நேரம் போகிறது, மனசுக்குப் பிடித்த வேலையும் அதுதான். பெவல் முழுக்க மார்க்கர் மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால் மை எங்கே அழிந்தது என்று தெரியும். விளிம்போரம் மை மிச்சம் இருந்தால் கோணம் தப்பு. தீட்டத் தீட்ட மறுபக்கத் தட்டையில் ஒரு பிசிறு எழும், நகத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். அதைக் கல்லின் மேல் படுக்கவைத்து ஒரே தடவை நீக்கி, தோல் பட்டையில் தேய்த்து முடிக்க வேண்டும். ஒரு ரப்பர் பேண்டை லேசாக இழுத்துப் பிடித்து விளிம்பைத் தொட்டால், அழுத்தாமலே அறுந்துபோக வேண்டும். உடலுக்குள் ரத்தக் குழாயும் அந்த மாதிரிதான், மொண்ணை முனை அதைத் தள்ளிவிட்டுப் போகும். ஃபோமில் எய்த முனையைத் திரும்பத் தீட்டாமல் வேட்டைக்கான அம்புக்கூட்டில் வைப்பதில்லை.

இன்னொரு பழக்கம்: ப்ளைவுட்டில் பட்ட ஒவ்வொரு தண்டையும் அடுத்து எய்யுமுன் காதோரம் வைத்து மெல்ல வளைத்துக் கேட்பது. நொறுங்கும் சத்தம் லேசாக வந்தாலும் ஒடித்துப் போட்டுவிட வேண்டும். விரிசல் விட்ட கார்பன் நாண் தள்ளும்போது சிதறினால் போய்க் குத்துவது வில் பிடித்த கையில்தான்.

இப்போது நிற்கும் இடம்: 20 யார்டில் பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் படுகின்றன. 30-இல் பிராட்ஹெட் இரண்டு அங்குலம் இடப்பக்கம் போகிறது. 25-க்கு மேல் எய்யப் போவதில்லைதான், ஆனால் தூரம் கூடினால்தான் சின்னக் கோணல் வெளியே தெரியும். ரெஸ்ட்டை ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்த்தி, இறகில்லாத அம்பை மறுபடி எய்து பார்க்க வேண்டும். அது சரியாகிவிட்டால் இதே அளவில் ஒரு டஜன் அம்பு கட்டி, ஒவ்வொன்றையும் எடை போட்டு, ஒத்துவருவதை மட்டும் கூட்டில் வைப்பேன்.