எட்டு மாதம் தூங்கிய ஒரு வரி

நவம்பர் 12, புதன்

விடியற்காலை 2.40-க்கு போன். இரவில் ஓடும் பில்லிங் ஸ்கிரிப்ட், பைத்தான் மொழியில் எழுதிய நிரல், படுத்துவிட்டது. வெளியே மழை, பெருங்குடி முழுக்கக் கரன்ட் வேறு வந்து வந்து போகிறது. ஹாட்ஸ்பாட் போட்டு, நிரல் எழுதிவைக்கும் பதிவேடான லாகைத் திறந்தால், நேம்எரர், அதாவது தெரியாத பெயர் என்ற பிழை. 'கஸ்_ஐடி' என்று ஒரு பெயரே இல்லையாம். இருப்பது 'கஸ்ட்_ஐடி'. நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.

கொடுமை என்னவென்றால், அந்த வரி எக்ஸெப்ட் பிளாக்குக்குள், அதாவது ஏதாவது பிழை வந்தால் மட்டும் ஓடும் பகுதிக்குள் இருக்கிறது. டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் எந்த வாடிக்கையாளரிடம் நின்றது என்று லாகில் எழுதும் வரி. எட்டு மாதமாக இணைப்பு அறுந்ததே இல்லை, அதனால் அந்த வரி ஓடியதே இல்லை. பைத்தான் ஒரு பெயரைத் தேடுவது அந்த வரி ஓடும்போதுதான். அதற்கு முன்னால் இலக்கணம் சரியா என்று மட்டும்தான் பார்க்கும். யார் எழுதியது என்று கிட் பிளேமில் தேடினேன். தேடியிருக்க வேண்டாம், நான்தான்.

நவம்பர் 13, வியாழன்

நிரலில் பிழை தேடும் பைஃப்ளேக்ஸ் என்ற கருவியை ஓட்டினேன். ஸ்கிரிப்டை ஓட்டாமல் நிரலை மட்டும் படித்து, மூச்சு விடுவதற்குள் வரி எண்ணோடு காட்டிவிட்டது. ரஃப் என்ற இன்னொரு கருவியும் அதையே எஃப்821 என்றது, இல்லாத பெயருக்கு அது தரும் குறி. கூடவே அதே ஜாதியில் இன்னும் இரண்டு. இரண்டும் எக்ஸெப்ட் பிளாக்கில்தான், வேறெங்கே.

நவம்பர் 14, வெள்ளி

இன்று மைபை, எது எண், எது எழுத்து என்ற டைப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கருவி. 'பிழை எதுவும் இல்லை' என்றது. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சந்தேகம். டைப் குறிப்பே இல்லாத ஃபங்ஷனுக்குள் மைபை தானாக எட்டிப் பார்க்காது. எங்கள் ஃபங்ஷன்கள் முக்கால்வாசி அப்படித்தான். அவற்றையும் பார்க்கச் சொல்லும் செக்-அன்டைப்ட்-டெஃப்ஸ் கொடுத்து மறுபடி ஓட்டினேன். 63 பிழை.

பாதிக்கு மேல் சில்லறை. ஒன்று மட்டும் வயிற்றைக் கலக்கியது. இன்வாய்ஸ் எண்ணைப் பிரிக்க, ஒரு பேட்டர்னோடு பொருத்திப் பார்க்கும் ரீ.மேட்ச் போட்டு, அதன் மேலேயே நேராக, பொருந்திய பகுதியை எடுக்கும் .குரூப்(1). பேட்டர்ன் பொருந்தாவிட்டால் மேட்ச் திருப்பித் தருவது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. அதில் ஏது குரூப்?

"அண்ணா, நடுவுல ஒரு இஃப் போட்டா போதுமா?"

போதும். 'நன்' இல்லை என்று சோதித்துவிட்டால் அந்த இஃப்புக்குள் மைபை வாயைத் திறக்காது. ஆனால் பொருந்தாத இன்வாய்ஸை என்ன செய்வது என்று மைபை சொல்லாது. அதைக் கணக்குப் பிரிவில் கேட்க வேண்டும். சாப்பாட்டு நேரம் முழுக்க அதில்தான் போனது.

நவம்பர் 17, திங்கள்

மூன்று கருவிகளையும், நிரல் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஐயில் சேர்த்தாயிற்று. எல்லாம் பச்சை. அப்புறம் ஒரு குறுகுறுப்பு: அந்த எக்ஸெப்ட் பிளாக் இன்னும் ஒரு தடவைகூட முழுசாக ஓடவில்லையே? டெஸ்ட் சர்வரில் டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்தினேன்.

'கஸ்ட்_ஐடி' அழகாக லாகில் விழுந்தது. அடுத்த வரியில் கீஎரர், கேட்ட பெயரில் தகவல் இல்லை என்ற பிழை. ஜேசன் வடிவில் வரும் தகவலில் 'மெயில்' என்ற கீ இல்லை, 'இமெயில்' என்றுதான் வருகிறது. அதைப் படிக்கும் ஜேசன்.லோட்ஸ் தருவதை 'எதுவாகவும் இருக்கலாம்' என்றே மைபை எடுத்துக்கொள்கிறது, பிறகு எதைத்தான் பிடிக்கும்? எந்தெந்த கீ வரும் என்று மைபைக்குச் சொல்லும் டைப்டுடிக்ட் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மணி எட்டரை.