டெர்மினலைக் கழற்றிப் போட்டால் போதுமா?

பெரிய வேலை முடிந்து வண்டி வெளியே வருகிறது. ஹெட் கேஸ்கெட் மாற்றியிருக்கலாம், டைமிங் செயின் போட்டிருக்கலாம், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கலாம். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, ஆர்பிஎம் முள் ஏறி ஏறி இறங்குகிறது, பிக்கப் மந்தமாக இருக்கிறது, செக் என்ஜின் லைட் வேறு அணையவே இல்லை. உடனே பக்கத்தில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேட்டரி டெர்மினலைக் கழற்றி அரை மணி நேரம் போட்டு வைங்க, எல்லாம் சரியாகிடும்." சில வண்டிகளில் சரியாகவும் ஆகிவிடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் ஒரு வண்டியில் பலித்தது அன்றிலிருந்து எல்லா வண்டிக்கும் வைத்தியமாகிவிடுகிறது.

நான் என் வண்டி வேலைகளில் பாதியை நானே செய்கிறவன், மீதிக்கு ஒர்க்‌ஷாப் போகிறவன். இரண்டு பக்கமும் பார்த்ததில் ஒன்று தெளிவு. ரீசெட் என்ற ஒரே பேரில் நாம் குறைந்தது நாலைந்து வெவ்வேறு காரியங்களைச் சொல்கிறோம். எதை அழிக்கிறோம், எதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் கை வைத்தால் நல்லாய் இருந்த கியர்பாக்ஸ் கூட முரண்டு பிடிக்கும்.

முதலில் இசியு, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துவிட்டு எரிபொருள் கூடுதலா குறைவா என்று சொல்லிக்கொண்டே இருக்கும், இசியு அதற்கேற்ப இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்தந்த நொடியில் செய்கிற திருத்தம் ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம். ஒரே பக்கமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், 'சரி, இந்த வண்டியே இப்படித்தான்' என்று நிரந்தரக் கணக்கில் எழுதிக்கொள்கிறதே, அது லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம். பொதுவாக இது பத்து சதவீதத்துக்குள், கூடவோ குறையவோ இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது இன்டேக் பக்கம் ஒரு வேக்யூம் ஹோஸ் வெடித்துப் பல மாதம் ஏர் லீக்கோடு ஓடிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வராத காற்று உள்ளே போவதால் இசியு எரிபொருளைக் கூட்டிக் கூட்டி, லாங் டெர்ம் டிரிம் பதினெட்டு இருபது என்று நிற்கும். எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற எர்ரர் கோடும் (கோளாறின் குறியீட்டு எண்) வந்திருக்கும். ஹோஸை மாற்றிவிட்டோம். லீக் போய்விட்டது, ஆனால் கூட்டி ஊற்றும் பழக்கம் போகவில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்த பிறகும் பழைய பவர் கண்ணாடியையே போட்டுக்கொண்டு நடப்பவர் மாதிரிதான். என்ஜின் சூடான பிறகு ஆக்சிஜன் சென்சார் பிடித்துத் திருத்திவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சென்சார் இன்னும் சூடேறாத நேரத்தில், பல வண்டிகளில் அந்தப் பழைய கணக்கே அப்படியே அமலாகும். ரிப்பேர் முடிந்தும் காலையில் மட்டும் பெட்ரோல் வாடை, கொஞ்சம் கரும்புகை, கொஞ்சம் திணறல் என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஓட்ட ஓட்ட இது தானாகவே சரியாகும். அந்தக் காத்திருப்பை ரீசெட் மிச்சப்படுத்துகிறது, அதற்கு மேல் அது ஒன்றும் கிழிப்பதில்லை.

ஆனால் அழிப்பதற்கு முன்னால் படியுங்கள். இதை மட்டும் கத்திச் சொல்லத் தோன்றுகிறது. ஸ்கேனரில், அதாவது வண்டியில் மாட்டி இசியுவைப் படிக்கும் கருவியில், அந்த கிளியர் பட்டனைத் தட்டினால் எர்ரர் கோடு மட்டும் போவதில்லை, அதோடு ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். கோடு விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலண்ட் சூடு எவ்வளவு, என்ன வேகம், எவ்வளவு லோடு, டிரிம் என்ன என்று இசியு எடுத்து வைத்த பதிவு அது. இதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது. கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம், ஐடிலில் டிரிம், 2,500 ஆர்பிஎம்மில் டிரிம், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள். ஐடிலில் டிரிம் அதிகமாகவும் ரேஸ் பண்ணும்போது குறைந்தும் வந்தால் ஏர் லீக் பக்கம் தேட வேண்டும். ஐடிலில் ஒழுங்காக இருந்து லோடு ஏற ஏற டிரிம் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம். அழித்துவிட்டால் இந்தத் துப்பு எல்லாம் போச்சு, மறுபடி கோளாறு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, டெர்மினல் விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டிகளில் இசியு கற்றதெல்லாம் பேட்டரி கரண்டில் உயிரோடு இருக்கும் மெமரியில்தான் இருந்தது. கரண்டை நிறுத்தினால் மறந்துவிடும். இந்த அரை மணி நேர வைத்தியம் அந்தக் காலத்து மிச்சம். புதிய வண்டிகளில் பல விஷயங்கள் கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் எழுதப்படுகின்றன, நீங்கள் ஒரு வாரம் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் அசையாது. ஆனால் வேறு சில சமாச்சாரங்கள் மட்டும் மறந்து போகும்: கடிகாரம், ஒரே தட்டில் ஏறும் பவர் விண்டோ, சன்ரூஃப், சில வண்டிகளில் ரேடியோ லாக் ஆகி ரகசிய எண் (கோடு) கேட்கும். அந்த கோடு கையில் இருக்கிறதா என்று கழற்றுவதற்கு முன்பே பாருங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் விடுங்கள், முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். இரண்டு கேபிளையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டு வைக்கிற வித்தையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நெகட்டிவ் டெர்மினல் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருந்தால், வண்டி பேட்டரியின் வயசையும் நிலைமையையும் கணக்கு வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டிகள் சிலவற்றில் புது பேட்டரி போட்டால் ஸ்கேனர் மூலம் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் புதியதையும் பழசு என்று நினைத்தே சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும்.

என்ஜினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியை கிளீன் பண்ணிய பிறகு வருகிற தலைவலி தனி ரகம். உள்ளே கார்பன் படியப் படியக் காற்று குறைகிறது, இசியு அதற்கு ஈடாகத் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றிருக்கும். நாம் பளபளவென்று துடைத்துவிட்டோம், தகடு மட்டும் பழைய அளவில் திறக்கிறது, காற்று அள்ளிக்கொண்டு போகிறது, ஐடில் 1,500 வரை போய் நிற்கிறது. "கிளீன் பண்ணி கெடுத்துட்டாங்க" என்று மெக்கானிக்கைத் திட்டுவோம். அவர் செய்யாமல் விட்டது ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடில் அளவை இசியுவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது, மட்டும்தான். சில வண்டிகளில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஆன் செய்து சற்று வைத்திருந்தாலே முடிந்துவிடும். சிலவற்றில் ஆக்சிலரேட்டரை நொடிக்கணக்குப் பார்த்து மிதித்து மிதித்து விட வேண்டும், பக்கத்தில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமல் நடக்காது. எந்த முறையானாலும் என்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை போடுவார்கள். முறையை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எடுங்கள். வேறொரு வண்டிக்காரர் வீடியோவில் செய்ததைப் பார்த்துச் செய்து பிரயோஜனமில்லை.

டீசல்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்ஜெக்டர். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் தயாரிப்பிலேயே மயிரிழை வித்தியாசத்தோடு வரும், அதைத் தொழிற்சாலையில் அளந்து, பல வகைகளில் அதன் தலையிலேயே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடாக அச்சடித்திருப்பார்கள். எந்த சிலிண்டரில் எந்தக் கோடு என்று இசியுவுக்குச் சொன்னால்தான் அது நாலுக்கும் சமமாக டீசல் கொடுக்கும். புது இன்ஜெக்டர் போட்டுவிட்டுக் கோடு எழுதாமல் விட்டால் ஐடிலில் உதறல், தட்டல் சத்தம், புகை. இதில் பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு: புதியது எதுவும் போடவில்லை, இருந்ததையே கழற்றி மாட்டினோம், ஆனால் வரிசை மாறிவிட்டது. அப்போதும் இதே கதைதான். ஆகவே ஹெட் வேலைக்கு இன்ஜெக்டர் கழற்றும்போது எது எந்த சிலிண்டர் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். டெர்மினலை எத்தனை தடவை கழற்றினாலும் இந்தக் கோடு தானாக ஏறாது.

கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் என்ஜின் அச்சு) சென்சார், ஃப்ளைவீல், இல்லை என்ஜினே மாற்றியிருந்தால் கிராங்க் ரீலேர்ன் என்று ஒன்று சில வண்டிகளில் தேவைப்படும். கிராங்க்கோடு சுற்றும் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை வைத்துத்தான் மிஸ்ஃபயர் கண்டுபிடிக்கப்படுகிறது, அந்தப் பற்களில் இருக்கும் இயல்பான ஏற்றத்தாழ்வை இசியு மனப்பாடம் செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் பி0315 வரும், அல்லது இல்லாத மிஸ்ஃபயரை இருப்பதாகச் சொல்லும். அலைன்மென்ட் பண்ணினால் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார், முன் கண்ணாடி மாற்றினால் அதில் ஒட்டியிருக்கும் கேமரா, இவற்றுக்கும் தனித்தனி அளவமைப்பு உண்டு. கேமராவைச் சும்மா விட்டுவிட்டுத் தானாக பிரேக் போடும் வசதியை நம்பி ஓட்டாதீர்கள்.

கியர்பாக்ஸில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளட்ச்சையும் கியரையும் தானே போடும் மேனுவல் பெட்டி) எதுவானாலும் கிளட்ச் தேயத் தேய அதற்கேற்ப அழுத்தத்தையும் கிளட்ச் பிடிக்கும் இடத்தையும் மாற்றி மாற்றிக் கற்றுக்கொண்டே வருகிறது. கிளட்ச்சோ, ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியோ மாற்றினால் கட்டாயம் அந்தப் பாடத்தை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸைத் தொடவே இல்லை, என்ஜின் வேலை மட்டும்தான் என்றால் அதில் கை வைக்காதீர்கள். ஸ்கேனரில் "எல்லாவற்றையும் ரீசெட் செய்" என்று பட்டன் இருக்கிறதே என்பதற்காக அழுத்தினால், தேய்ந்த கிளட்ச்சுக்குப் புதுக் கிளட்ச்சின் கணக்கு போய் உட்காரும், ஜெர்க் அடிக்கும்.

டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் இருக்கும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், இன்னும் மோசம். ஃபில்டரை மாற்றிவிட்டுக் கவுண்டரை ரீசெட் செய்யாவிட்டால் தேவையில்லாமல் ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை எரித்துத் தள்ளும் வேலை, போகும், எரிச்சல்தான், ஆபத்தில்லை. மாற்றாமலே, கழுவாமலே, லைட் அணையட்டும் என்று கவுண்டரை மட்டும் பூஜ்யமாக்குகிறார்களே, அதுதான் வினை. உள்ளே கரி நிறைந்திருக்க இசியு காலி என்று நினைக்கும், மேலும் மேலும் சேரவிடும், கடைசியில் ரீஜெனரேஷன் நடக்கும்போது அவ்வளவு கரியும் சேர்ந்து எரிந்து சூட்டில் ஃபில்டரே விரிசல் விடலாம்.

டைமிங் வேலைக்குப் பிறகு பி0016 வந்தாலும் கிளியர் பண்ணிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கிராங்கும், வால்வுகளைத் திறக்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்கிறது அது. சென்சாராகவோ ஆயில் கன்ட்ரோல் வால்வாகவோ இருக்கலாம், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கவரைத் திறந்து மார்க் பார்க்கச் சொல்லுங்கள். செக் என்ஜின் லைட் சீராக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் ஓட்டுவதையே நிறுத்துங்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் காலி பண்ணிவிடும்.

ரீசெட் முடிந்ததும் முதல் ஸ்டார்ட்டில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடட்டும். பிறகு ஏசி போட்டு இன்னும் கொஞ்சம் ஐடிலில் விட்டால் அந்த லோடுக்கும் கற்றுக்கொள்ளும். அப்புறம் வழக்கம் போல ஓட்டுங்கள், கொஞ்சம் நெரிசலில், கொஞ்சம் சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாக வேகம் குறைய விட்டு. ரெடினஸ் மானிட்டர் என்கிற சுயபரிசோதனைகளும் கோடோடு சேர்ந்து பூஜ்யமாகியிருக்கும், இப்படிக் கலந்து ஓட்டினால்தான் ஒவ்வொன்றாக முடியும். கேட்டலிஸ்ட், ஈவாப் (டேங்க்கின் பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் அமைப்பு) இரண்டும் சோம்பேறிகள். ஈவாப் பரிசோதனைக்கு இரவு முழுக்க ஆறின என்ஜினும், நிறைந்து வழியாத அதேசமயம் காலியும் ஆகாத டேங்க்கும் வேண்டும், பல வண்டிகளில் 15 முதல் 85 சதவீதத்துக்குள். மானிட்டர் முடியாத வண்டியைப் புகைப் பரிசோதனையில் திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு என்பதால் பரிசோதனைக்கு முந்தின நாள் ரீசெட் செய்வது வேண்டாத வேலை. அமெரிக்காவில் 2010 மாடல் தொடங்கிப் படிப்படியாக பெர்மனன்ட் கோடு என்று ஒன்றையும் கொண்டு வந்துவிட்டார்கள். ஸ்கேனர், டெர்மினல் எதற்கும் அது அழியாது. வண்டியே ஓடிப் பார்த்து, கோளாறு போய்விட்டது என்று திருப்தியானால் மட்டும் தானே அழித்துக்கொள்ளும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் ஓபிடி சாக்கெட்டில், அதாவது ஸ்கேனர் மாட்டும் இடத்தில், சின்ன புளூடூத் கருவி ஒன்றை மாட்டினாலே இதில் பாதியைப் பார்த்துவிடலாம். பார்த்ததும் கழற்றிவிடுங்கள், 16-வது பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும், நிறுத்தி வைத்த வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜெக்டர் கோடு போன்றவற்றுக்கு இந்தக் கருவி பெரும்பாலும் போதாது. ஆனால் அதே ஆப்பில், கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு அளவும், அழித்த பிறகு என்ஜின் எத்தனை முறை சூடேறியது என்று இன்னொன்றும் பல வண்டிகளில் காட்டும். பழைய வண்டி வாங்கப் போகும்போது, "ஒரு வருஷமா லைட்டே எரிஞ்சதில்லை சார்" என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருக்க, அந்தத் தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டினால், வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்ன கோடு அழித்தீர்கள் என்று நேராகவே கேட்கலாம்.