மூன்று உயிர்க் குத்தகை

குத்தகை என்றால் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கெடு வைப்பதுதான் நமக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முக்கியமாக டெவன், கார்ன்வால், சாமர்செட் பக்கம், அந்தக் கெடுவை ஆட்களின் ஆயுளில் வைத்தார்கள். பத்திரத்தில் மூன்று பேரின் பெயர் இருக்கும். பெரும்பாலும் குத்தகைக்காரர், அவர் மனைவி, ஒரு பிள்ளை. இந்த மூவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் நிலம் அந்தக் குடும்பத்தின் கையில்தான். மூன்றாவது ஆளும் கண்ணை மூடிவிட்டால் அன்றோடு சரி, நிலம் பண்ணைக்குத் திரும்பிவிடும்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும்போதே மொத்தமாக ஒரு பெருந்தொகை கட்டவேண்டும், அப்புறம் ஆண்டு வாடகை ரொம்பக் குறைவு. ஒருவர் இறந்தால் மறுபடி ஒரு தொகை கொடுத்து வேறொரு பெயரைச் சேர்க்கக் கேட்கலாம், பண்ணை சம்மதித்தால். இதோடு, குத்தகைக்காரர் இறந்தால் வீட்டிலிருக்கும் மாடுகளில் நல்லதாக ஒன்றைப் பண்ணை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றும் பல பத்திரங்களில் எழுதியிருந்தது. சாவு வீட்டு வாசலிலிருந்து மாட்டை அவிழ்ப்பதை என்னால் வெறும் சட்ட விவரமாகப் படிக்க முடியவில்லை. அம்மை பரவிய காலம் அது. நீண்ட நாள் இருக்குமென்று நம்பித்தான் சின்னப் பிள்ளையின் பெயரைப் போடுவார்கள், முதலில் போவது அந்தப் பிள்ளையாகவே இருக்கவும் கூடும்.

இதனால் பண்ணைக் காரியஸ்தருக்கு வாடகை வசூலை விடப் பெரிய வேலை, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. பத்திரத்தில் பெயர் உள்ள பையன் கப்பலேறிப் போய்ப் பல வருஷம் தகவலே இல்லை என்றால் என்ன செய்வது? இதற்கென்றே 1666-இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வருஷம் காணாமல் போய், உயிரோடு இருப்பதற்கு ஆதாரமும் இல்லை என்றால், குத்தகையைப் பொறுத்தவரை இறந்தவராகவே கொள்ளலாம். பிறகு அவர் உயிரோடு இருந்தது தெரியவந்தால், இழந்த நிலத்தையும் இடைப்பட்ட காலத்து வருமானத்தையும் குத்தகைக்காரர் கேட்டு வாங்கலாம். 1707-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. சாவை மறைக்கிறார்கள் என்று நிலத்துக்காரருக்குச் சந்தேகம் வந்தால், ஆண்டுக்கு ஒரு தடவை, சொத்து வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்துக்குப் போய், ஆளை நேரில் காட்டச் சொல்லி உத்தரவு வாங்கலாம். கடல் கடந்த ஊரில் இருக்கிறார் என்று பதில் வந்தால், தன் செலவிலேயே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

கிழக்கே நார்ஃபோக்கில் கதை வேறு. 1776-இல் ஹோல்கம் பண்ணைக்கு வாரிசாக வந்த தாமஸ் கோக், 21 ஆண்டு என்று கெடு வைத்த குத்தகைகளால் பேர் வாங்கியவர்.

எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் இன்னொன்று. பெரிய பண்ணைகள் பலவற்றில் நிலத்துக்காரரே முழு உரிமையாளர் கிடையாது. குடும்ப ஏற்பாட்டுப் பத்திரப்படி அவருக்கு ஆயுள் வரை அனுபவ பாத்தியம் மட்டும்தான். 21 ஆண்டு அல்லது மூன்று உயிர், அதற்கு மேல் குத்தகை விடக்கூடாது என்பது போன்ற வரம்புகள் அதில் இருக்கும். அவர் அதை மீறிக் குத்தகை கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தால், அடுத்த வாரிசு அந்தக் குத்தகை செல்லாது என்று சொல்லிவிடலாம். அந்தக் குடும்பப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத குத்தகைக்காரர், முழுப் பணமும் கட்டியும் நிலத்தை இழக்கவேண்டியதுதான்.

காலி செய்யச் சொல்லும் வழக்கையும் நேரடியாகப் போடுவதில்லை. ஜான் டோ என்று இல்லாத ஒருவர், நிலத்துக்கு உரிமை கோருபவரிடமிருந்து தனக்குக் கிடைத்த குத்தகை நிலத்திலிருந்து ரிச்சர்ட் ரோ என்ற இன்னொரு இல்லாத ஆள் தன்னைத் துரத்திவிட்டதாக வழக்குப் போடுவார். உடனே அந்த ரோவின் பெயரில், நிலத்தில் உண்மையாகவே குடியிருப்பவருக்குக் கடிதம் வரும். இந்த நிலத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, நீங்கள் நீதிமன்றத்துக்கு வந்து வாதாடுங்கள், வராவிட்டால் தீர்ப்பு டோ பக்கம் போய் உங்களை வெளியேற்றிவிடுவார்கள் என்று இருக்கும். கீழே, உங்கள் அன்பு நண்பன் என்று கையெழுத்து. நில உரிமை யாருக்கு என்ற ஒரே கேள்விக்கு வழக்கைச் சுருக்கிக் கொண்டுவர வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த வழி இது, 1852 வரை நீடித்தது. ஆனால் அந்தக் கடிதத்தை முதன்முதலாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு விவசாயி, யார் இந்த ரோ, நமக்கு எப்போது நண்பரானார் என்று ஊரெல்லாம் விசாரித்திருக்க மாட்டாரா?