கிஸ்ஸிமீ மேடையில் என் 66 கார்வெட்

ஏழு வருஷம் என் கராஜில் நின்ற 1966 கார்வெட் கூப்பேயை, அதாவது செவ்ரோலே கம்பெனியின் மூடிய கூரை ஸ்போர்ட்ஸ் காரை, போன ஜனவரியில் புளோரிடாவில் ஏலத்தில் விற்றேன். தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவுக்குப் போனது என்றுதான். சொல்கிறேன். ஆனால் அந்த விலைக்குக் காரணம் இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம் வார்க்கப்பட்டிருந்த ஒரு தேதி. அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே ஆட்டோமொபைல் வேலைக்கு வந்த தமிழர்கள் நிறைய. கார் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. 34,000 டாலர் கொடுத்து இந்த வண்டியை வாங்கியபோது, "நம்பர் மேட்சிங்" என்று சொல்லித்தான் விற்றார்கள். தொழிற்சாலையில் இந்த வண்டிக்கென்று பூட்டிய அதே இன்ஜின் இன்னும் அதில் இருக்கிறது என்று அர்த்தம். பழைய கார்வெட் வாங்குபவர்கள் கூடுதல் பணம் கொடுப்பதே இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். 1966-இல் செய்த 27,720 கார்வெட்டில் கூப்பே 9,958. மீதி எல்லாம் திறந்த கூரை வண்டிகள். அப்படிப் பார்த்தால் இது ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் வண்டியின் பூர்வீகம்தான்.

கார்வெட்டின் உடம்பு ஃபைபர்கிளாஸ், அதனால் துரு பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே முன்கண்ணாடியைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. அது துருப்பிடித்தால் வெளியே தெரியவே தெரியாது. என் வண்டியில் கண்ணாடியின் கீழ்மூலை இரண்டும் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவே ஒரு குளிர்காலம் போனது. பழைய பெயின்ட்டை பிளேடால் சுரண்டி எடுத்தேன். கண்ட ரசாயனத்தை ஊற்றினால் ஃபைபர் கெட்டுவிடும். சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பர் நான்குக்கும், துளையின் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை (ஸ்லீவ்) போட்டேன். சும்மா நிற்கும் வண்டியில் அந்தத் துளைகள் அரித்து ஆயில் கசிவது இந்த மாடலின் தீராத வியாதி.

மூன்றாம் வருஷம் இன்ஜினை இறக்கினேன். முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு (இன்ஜின் பிளாக்கின் மேல்மூடிக்கு) கீழே சிறிய தட்டையான இடம் ஒன்று உண்டு. வண்டிக்குத் தொழிற்சாலை கொடுக்கும் அடையாள நம்பரில் (ரோட்டுக்கான ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் அல்ல) ஒரு பகுதியை அங்கேதான் குத்துவார்கள். நம்பர் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த இடத்தில் தொழிற்சாலை இயந்திரம் விட்டுப்போகும் மெல்லிய இணைகோடுகளைக் காணோம். பரப்பு வழவழவென்று இருந்தது. மனசு கேட்கவில்லை. பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் அழுக்கைத் துடைத்து, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். 'டி 20 6' என்று இருந்தது. நான்காவது எழுத்தான டி நான்காவது மாதம், கடைசி 6 வருஷம்: 1966 ஏப்ரல் 20. என் வண்டியோ 1965 டிசம்பரில் செயின்ட் லூயிஸில் கட்டியது. நான்கு மாதம் கழித்து வார்த்த இரும்பு அதற்குள் எப்படி வந்திருக்கும்? எப்போதோ யாரோ வேறு பிளாக்கை வைத்து, பழைய நம்பரைத் தேய்த்து, இந்த வண்டியின் நம்பரைக் குத்தியிருக்கிறார்கள்.

அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை. என்னிடம் விற்றவருக்கு இது தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவிதான் சொன்னாள்: "ஏங்க, சொல்லியே வித்துடுங்க. நாளைக்கு இன்னொருத்தர் இப்படி ராத்திரி உக்காந்துட்டு இருக்க வேண்டாம்."

அப்படித்தான் செய்தேன். தேதியைப் படம் எடுத்தேன். ஏலத்துக்கு அனுப்பிய விவரத்தில் முதல் வரியே இன்ஜின் அசல் இல்லை, முன்பக்க எண் பிற்காலத்தில் குத்தப்பட்டது என்று எழுதினேன். மறைத்திருந்தால் குறைந்தது பதினைந்தாயிரம் கூடக் கிடைத்திருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

விற்பதற்கு முன் ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வண்டியில் உள்ள அடையாள நம்பர் தகட்டையும் கையில் உள்ள டைட்டிலையும் (உரிமைப் பத்திரத்தையும்) எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து கார்வெட் நம்பர் பதின்மூன்று இடம்தான். 17 இடம் என்ற விதி 1981-இல்தான் வந்தது. என்னுடையது 194376எஸ் என்று தொடங்கும். டைட்டிலில் எஸ் இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று தட்டச்சாகியிருந்தது. டைட்டில் சரியில்லாமல் ஏலத்தில் விற்க முடியாது. அதைத் திருத்தி வாங்க ஐந்து வாரம் ஆனது.

புளோரிடாவின் கிஸ்ஸிமீ ஊரில் மீகம் என்ற ஏல நிறுவனம் நடத்தும் ஜனவரி ஏலம் ஒரு திருவிழாவேதான். ஆயிரக்கணக்கான வண்டிகள், ஏறக்குறைய இரண்டு வாரம். கூடாரத்துக்குள் என் நீல வண்டியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்த விவரமும் படமும் இருந்த ஃபைலை இருக்கையிலேயே திறந்து வைத்தேன். பலர் முதல் பக்கத்தைப் படித்ததும் நகர்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் டார்ச் கேட்டார். என் சிறு கண்ணாடியையும் கொடுத்தேன். ஹூடுக்கு அடியில் கால்மணி நேரம் குனிந்திருந்து, தேதியைத் தானே படித்துவிட்டு, கையைத் துடைத்தபடி போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மதியம் என் முறை. நம் ஊர் ஏலம் மாதிரி ஒரு தரம், இரண்டு தரம் எல்லாம் கிடையாது. மைக்கில் எண்கள் மழையாகக் கொட்டுகின்றன, ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான். நான் வைத்த ரிசர்வ் 56,000. அதற்குக் கீழே போனால் விற்க வேண்டியதில்லை. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று விறுவிறுவென ஏறி 52,000-இல் நின்றது. ஏலக்காரர்களில் ஒருவர் என் தோளில் கை வைத்து, ரிசர்வை எடுத்துவிடலாமா என்று கேட்டார். யோசிக்கப் பத்து விநாடிகூட இருக்காது. திரும்ப டிரெய்லரில் ஏற்றி மிச்சிகன் கொண்டுபோகும் செலவு, மறுபடி ஒரு வருஷக் காத்திருப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. தலையசைத்தேன். ரிசர்வ் போய்விட்டது என்று மைக்கில் அறிவித்ததும் இருவர் மீண்டும் மோதினார்கள். 55,000-இல் சுத்தியல் விழுந்தது.

வாங்குபவர் அதற்கு மேல் பத்து சதவீதம் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும்; ஆக அவருக்கு 60,500 ஆனது. என் பக்கம் கமிஷன் கழித்து 49,500 வந்தது. வாங்கிய விலையும் நான் போட்ட 24,000-மும் சேர்த்தால் 58,000. டிரெய்லர் வாடகையைச் சேர்க்காமலே நஷ்டம். என் உழைப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை. பழைய காரைச் சீர்செய்து லாபம் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால், இந்தக் கணக்கை முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாங்கியது அந்தப் பெரியவர்தான். கையெழுத்துப் போட்டபிறகுதான் பேசினார். அன்று அவர் பார்த்த கார்வெட்டுகளில் விவரத்தில் எழுதியதும் இரும்பில் இருந்ததும் ஒத்துப்போனது இது ஒன்றில்தான், அதனால்தான் கையைத் தூக்கினேன் என்றார்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவரிடமிருந்து போன். இருக்கைக்குப் பின்னால் என் சிறு கண்ணாடி கிடந்ததாம், அனுப்பட்டுமா என்று கேட்டார். வண்டியோடே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.