நாவல் கொட்டையைக் காயப்போட்டு ஏமாந்த கதை

2018 நவம்பர் 16 விடியற்காலை, எங்கள் கொல்லை நாவலைக் கஜா புயல் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. வேதாரண்யம் பக்கம் அன்றைக்கு எல்லோரும் விழுந்த தென்னையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். நாவல் போனது அடுத்த ஆனியில்தான் உறைத்தது. பழம் சின்னதுதான், ஆனால் தொண்டையைப் பிடிக்காது. அப்படி ஒன்றைச் சந்தையில் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மிச்சம் நிற்பதையாவது காப்பாற்றலாம் என்று கிளம்பினேன். ஐயனார் திடல், வாய்க்கால் கரை, தெரிந்தவர்கள் கொல்லை என்று சுற்றி ஏழு மரம் தேறியது. ஒன்று உருண்டைக் காய், ஒன்றில் கொட்டை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்குச் சதை. எந்த மரம், எந்தத் தேதி, பழம் எப்படி என்று சீட்டு எழுதி, கொட்டையை நான்கு நாள் வெயிலில் காயவைத்து, சாம்பல் புரட்டி, ஏழு பாட்டிலில் அடைத்தேன். விதைநெல்லுக்கு அப்படித்தானே செய்கிறோம்! நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்ட திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரன் நான். விதை என்றால் காயவைப்பது என்றே கைக்குப் பழக்கம்.

இரண்டு மாதம் கழித்துப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

நர்சரிக்காரப் பெரியவர் சிரித்தார். “நாவக்கொட்ட பச்சப்புள்ள மாதிரி தம்பி. காயவிட்டா செத்துரும்.” பிறகு படித்தபோது விஷயம் பிடிபட்டது. நெல், மணத்தக்காளி போன்றவற்றின் விதை ஈரம் குறைந்தால் நெடுநாள் தாங்கும். டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் அப்படிப்பட்டவற்றைத்தான் மைனஸ் 18 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். நாவல் விதை காய்ந்தாலும் போச்சு, உறைந்தாலும் போச்சு. அதைக் காப்பது என்றால் மரமாக நிற்கவைப்பதுதான்.

மறுவருஷம் பழத்தைத் தின்ற கையோடு கொட்டையைப் பையில் ஊன்றினேன். இரண்டு வாரத்தில் முளைத்தது. சில கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகூட வந்தது. ஆனால் கொட்டைக் கன்று தாய் மரத்துப் பழத்தையே தரும் என்று நம்ப முடியாது. அதனால் இளந்தண்டு ஒட்டு. தாய் மரத்தில் பென்சில் கனக் கிளையாகப் பார்த்து, பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிட்டு, மொட்டு புடைக்கும்போது வெட்டி, கன்றின் பிளவில் ஆப்பு போலச் செருகிப் பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். இருபது கட்டினேன், ஏழு பிடித்தது. ஏழும் நான்கு மரத்தினுடையவை, மூன்று மரம் இன்னும் பாக்கி.

மணத்தக்காளி வேலை இதற்கு எதிர்ப்பதம். கறுப்புப் பழம், சிவப்புப் பழம் இரண்டையும் தனித்தனியாகப் பிசைந்து, ஒரு நாள் தண்ணீரில் விட்டு, மிதக்கிற சதையை வடித்து, நிழலில் உலர்த்தினால் தீர்ந்தது. இரண்டும் ஒரே செடியின் நிற வேறுபாடு என்றுதான் நினைத்திருந்தேன். குரோமோசோம் எண்ணிக்கையிலேயே வேறு வேறு இனங்களாம்.

கோடியக்கரைக் காட்டில் பழுக்கும், சப்போட்டாவுக்கு உறவான பாலப்பழம்தான் படுத்தியது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. கடைத்தெருவில் கூறு போட்டு விற்ற ஆச்சியிடம் வாங்கலாம்தான், ஆனால் எந்த மரத்துப் பழம் என்று கேட்டால், “காட்டுப் பழம்ப்பா, காட்டுக்கு ஏது மரக்கணக்கு?” என்றார். தாய் மரம் தெரியாத விதையைச் சீட்டில் எப்படி எழுதுவது? கடைசியில் ஒரு பட்டா நிலத்து மரம் கிடைத்தது. கன்று எறும்பு வேகத்தில் வளர்கிறது. அதற்குள் அதில் சப்போட்டா ஒட்டுக் கட்டக் கேட்டு இரண்டு பேர் வந்தாகிவிட்டது. கொடுக்கவில்லை.

இன்னொரு புயல் வந்தால் மொத்தமும் போகும் என்று, பிடித்த நாவலில் மூன்றை மன்னார்குடி அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். போன வாரம் போன் பண்ணினாள். ஒன்றை ஆடு கடித்துவிட்டதாம். ஒட்டுக்கு மேலா, கீழா என்று கேட்டேன். “மேலதான்டா, நுனிய மட்டும்” என்றாள்.