டிகிராமுக்குப் பத்தே வெற்றி

குலசேகரத்தில் அப்பா ரப்பர் பால் வெட்டக் கிளம்பும் நேரத்தில்தான் நியூயார்க்கில் இரவு ஆட்டம் தொடங்கும். 2018-ல் மெட்ஸ் பேஸ்பால் அணிக்கு ஜேக்கப் டிகிராம் வீசுகிறார் என்றால் நானும் எழுந்துவிடுவேன். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழுந்த ரன் சராசரியாக 1.70தான். ஆனால் வெற்றி 10, தோல்வி 9!

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஐந்து இன்னிங்ஸாவது வீசி, முன்னிலையோடு வெளியேறி, அது கடைசிவரை நிலைத்தால்தான் அவர் பெயரில் 'வின்', அதாவது வெற்றி. கூட்டாளிகள் அடிக்காவிட்டால் பாவம், அவர் என்ன செய்வார்?

முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சருக்குக் கிடைக்கும் 'சேவ்' இன்னும் வேடிக்கை. மூன்று ரன் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸுக்கு வந்தவர், இரண்டு ரன் விட்டு ஜெயித்தாலும் சேவ் அவருக்குத்தான்.

"வெட்டுனவன் ஒருத்தன், பேரு வேறொருத்தனுக்கா மக்களே?" என்றார் அப்பா.

சிறந்த பிட்சருக்கான சை யங் விருது டிகிராமுக்குக் கிடைத்தது என்று அப்புறம் சொன்னேன். தலைவிளக்கைக் கழற்றிக்கொண்டே, "சரி" என்றார்.