பெயரை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

முதுகலை ஓவிய வரலாற்றுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உருவப்படம் ஒன்றைக் கொடுத்து, அதில் நெருக்கமும் அடையாளமும் எப்படி வெளிப்படுகின்றன என்று கேட்பார்கள். உள்தேர்வில் எனக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘யூத மணப்பெண்’. தலைப்பை நம்பி யூதத் திருமணச் சடங்குகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. ‘இது படத்தில் எங்கே இருக்கிறது?’ என்று விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

நியாயமான கேள்வி. ரெம்பிராண்ட் தம் கடைசி ஆண்டுகளில், சுமார் 1665–1669இல் வரைந்த படம் அது. அந்தப் பெயரோ 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. தந்தை தம் மகளுக்குத் திருமண நாளில் கழுத்தணி பூட்டுகிறார் என்று அப்போது பொருள் சொன்னார்கள்!

அடுத்த முறை பெயரைத் தாளால் மறைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். ஆணின் வலக்கை அருகில் நிற்கும் பெண்ணின் மார்பின்மீது விரிந்து கிடக்கிறது, பற்றவில்லை, அழுத்தவில்லை. அவளுடைய இடக்கை விரல்நுனிகள் அந்தக் கையை மெல்லத் தொடுகின்றன. விலக்குகிற விரல்கள் அல்ல அவை. இருவர் பார்வையும் சந்திக்கவில்லை. கண்கள் விலகியிருப்பதால்தான் தொடுகை இவ்வளவு பேசுகிறது என்பது என் வாசிப்பு. தந்தை மகளைத் தொடும் விதம் இதுவல்ல என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடையாளத்துக்கு அதன் பிறகு வாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இவர்களை விவிலியத்தின் ஈசாக்கு, ரெபெக்காள் என்கிறது. அந்நிய நாட்டில் உயிருக்கு அஞ்சி, மனைவியைச் சகோதரி என்று சொல்லி வாழ்ந்தவன் ஈசாக்கு. இருவரும் கொஞ்சுவதை அரசன் சன்னல் வழியே கண்டதும் உண்மை வெளிப்பட்டது. நெருக்கமே அடையாளத்தைக் காட்டிக்கொடுத்த கதை! அக்கால டச்சுத் தம்பதியர் விவிலிய மாந்தர் வேடத்தில் தங்களை வரையச் சொல்வதும் வழக்கம். ஆகவே, இவர்கள் உண்மையான ஒரு தம்பதியாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள், எதையும் முடிந்த முடிவாக்க வேண்டாம்.

ஆணின் சட்டைக் கையை விட்டுவிடாதீர்கள். பொன்னிற வண்ணம் அங்கே மேடுதட்டி நிற்கிறது, அவள் முகமோ மென்மையாக இருக்கிறது. பாடநூலின் சிறிய அச்சில் இது தெரியாது. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கி, அந்தச் சட்டைக் கையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.